சைக்கிள் கணக்கில் இல்லை

சீனி கிளினிக்கில் டொக்டர் சொன்னதை
நான் சுகிர்தா அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது.
நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்த ஆரோ ஒருவரின் பெட்டியில்
சொக்கலேற்றுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில்
வந்து சேர்ந்தது
அடி எண்ணும் மணிக்கூடு.
கனடாவில் அவளிடமும் ஒன்று. அதே கறுப்பு.
"நாளுக்குப் பத்தாயிரம். தோற்றால் வெட்கம் உனக்குத்தான்."

முதல் நாள்
கொட்டடியிலிருந்து கடைக்கு வேலைக்குப் போய்வந்தேன்,
வியர்க்க வியர்க்க மிதித்து.
பார்த்தால் முந்நூற்றுப் பதினொன்று.
சைக்கிள் கணக்கில் இல்லையாம்.
இதைச் செய்தவனுக்கு
யாழ்ப்பாணத்தைப் பற்றி ஆரும் சொல்லவில்லை.
இஞ்ச கால் எண்டால் பாதி சில்லு.

ஆனால் தேங்காய் துருவினால் எண்ணுகிறது.
ஒரு முழுத் தேங்காய்க்கு நூற்றெண்பது அடி.
புட்டுக்கு மா குழைக்க அறுபது.
இவருடைய சாரம் இரண்டைக் கல்லில் அடித்துத் தோய்த்தால்
முனியப்பர் கோயில் வாசல் வரை போய்விடலாம்.
வலக்கைக்கு மாற்றிக் கட்டுவது கள்ளமா?
அது தருகிறது, நான் வாங்குகிறேன்.

பின்னேரங்களில் பண்ணைப் பாலம்.
இரண்டு பக்கமும் கடல், நடுவில் காற்றும் நானும்
வேலணை பஸ்ஸின் புகையும்.
களங்கட்டித் தடிகளில் நீர்க்காகங்கள் சிறகு காயவிடும்.
வங்கி மனேஜர் ஒருவர் நாளும் எதிரே வருவார்,
தன் மணிக்கட்டைப் பார்ப்பார், என்னுடையதைப் பார்ப்பார்,
சிரிக்க மாட்டார்.

இரவு பதினொன்றே முக்காலுக்கு
இன்னும் இருநூறு குறையும்.
கிணற்றைச் சுற்றுவேன்.
பக்கத்து வீட்டு நாய் முதல் நாள் குரைத்தது,
மூன்றாம் நாள் கூட நடந்தது.
"உனக்குப் பேய் பிடிச்சிட்டுதோ" என்று
இவர் ஜன்னலைச் சாத்துவார்.
அந்த நேரம் அங்கே பகல்.
பனிக்குப் பயந்து ஒரு கடைத்தொகுதிக்குள்ளேயே
அக்கா சுற்றிக்கொண்டிருப்பாள்,
எதையும் வாங்காமல், பன்னிரண்டாயிரம்.

மார்கழியில் என் சீனி இறங்கியிருந்தது.
டொக்டர் நம்பாமல் இன்னொரு விரலில் குத்திப் பார்த்தார்.

ஒரேயொரு இரவு வேறு கணக்குப் போட்டேன்.
தொண்ணூற்றைந்து ஐப்பசி, நாவற்குழிப் பாலம், மழை.
அரிசிச் சாக்கு ஏற்றிய சைக்கிளை அக்கா உருட்டினாள்,
நான் கரியரைப் பிடித்திருந்தேன்.
கை வீசாவிட்டால் இது எண்ணாது.
அரை அடி, ஒரு நிற்பு, அரை அடி.
அதையும் எண்ணாது.
இதன் கணக்குப்படி
அன்றிரவு நாங்கள் எங்கேயும் போகவில்லை.

தை மாதம் ஒரு செவ்வாய்
அவள் பெயருக்கு நேரே நாற்பத்தொன்று.
பட்டரி முடிந்திருக்கும் என்று நினைத்தேன்.
புதன், முப்பத்தெட்டு.
"எல்லாம் சுகம், குளிர்தான்" என்கிறாள் போனில்.
குரலில் ஒன்றும் இல்லை.
கட்டிலிலிருந்து கழிவறை, திரும்பக் கட்டில்.
என் வீட்டில் நடந்து பார்த்தேன்:
இரண்டு தரம் போய்வர, நாற்பது.

நான் கேட்கவில்லை.
கேட்டால் அவள் இன்னும் சொல்லமாட்டாள்.
வெள்ளி, எழுபது.
அடுத்த கிழமை நூற்றுத் தொண்ணூறு,
படி இறங்கியிருக்கிறாள்.
மாசி பிறக்க, ஆயிரத்து நானூறு.

அண்டைக்குத்தான் சைக்கிளுக்குக் காற்றடித்தேன்.
வேலைக்குச் சைக்கிள். சந்தைக்குச் சைக்கிள்.
பண்ணையில் மனேஜர் தனியே நடக்க
மணியடித்துக் கடந்தேன், திரும்பிப் பார்த்தார்.
தேங்காய் துருவ இவரைப் பிடித்து இருத்தினேன்.
நாய் கிணற்றடியில் காத்திருந்து போய்விட்டது.
படுக்கும்போது எனக்கு
ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு.

விடிய அவளிடமிருந்து செய்தி:
"என்னடி பன்னாடை,
சீனி ஏறிச் சாகப்போறியோ?
எழும்பி நட."